முதுகுப் பலகையின் புகழ்

(இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் கிதார் பழுதுபார்ப்பவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



என் கையில் இரண்டு மரத்துண்டுகள் இருக்கின்றன. தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இரண்டும் ஒரே அளவு. பள்ளிக்கூட நோட்டின் அகலம், மூன்று மில்லிமீட்டர் கனம். முதலில் இந்த வெளுத்த துண்டை ஓரமாக இரண்டு விரலால் தொங்கவிட்டுத் தட்டுகிறேன். கேட்டதா? வெறும் பானையின் வயிற்றில் தட்டினாற்போல் ஒரு 'தொம்'. இப்போது கறுத்த துண்டு. இது 'டிங்' என்கிறது. விரலை எடுத்த பிறகும் ஒரு கணம் காதில் நிற்கிறது. பூஜையறை மணிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

வெளுத்தது ஸ்ப்ரூஸ். கறுத்தது ரோஸ்வுட், நம் ஊர்ப் பெயரில் ஈட்டி, சில பக்கம் தோதகத்தி. ஒரு கிதாரில் இரண்டும் இருக்கும். எது கிதாருக்கு நாதம் கொடுக்கிறது என்று கேட்டால் இந்த அரங்கில் பாதிப் பேராவது கறுத்ததைக் காட்டுவீர்கள். என் கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். கிதாரை வாங்கிப் புரட்டி, முதுகைத் தடவி, "ரோஸ்வுட்தானே சார்?" என்பார்கள். முன்பக்கம் என்ன மரம் என்று கேட்டவர்களை இருபத்து மூன்று வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தொழிலில் நாங்கள் டாப், பேக், சைடு என்போம். இன்று மேடை என்பதால் முகம், முதுகு, விலா என்று வைத்துக்கொள்கிறேன். முதுகுக்கு இத்தனை புகழ் எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. பின்னால் ஒரு கறுப்புத் திரை எதற்கு என்று வரும்போதே இரண்டு பேர் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு கிதார் கம்பியை இரண்டு ஆணிக்கு நடுவில் இழுத்துக் கட்டி மீட்டிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட ஒழுங்காகக் கேட்காது. கம்பி மெல்லியது. காற்றை அறுத்துக்கொண்டு போகுமே தவிரத் தள்ளாது. பனையோலை விசிறியின் காம்பை மட்டும் வைத்துக்கொண்டு விசிறினால் காற்று வருமா? ஓலை வேண்டும். கிதாரில் அந்த ஓலை முகப்பலகை. கம்பியின் துடிப்பு, அதைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜ் வழியாக இறங்கி முகப்பலகையை ஆட்டுகிறது. பலகை காற்றைத் தள்ளுகிறது. நாம் கேட்பதில் பெரும்பகுதி அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆறு எஃகுக் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது அவற்றின் இழுவிசை மொத்தம் 70 கிலோவைத் தாண்டும். இரவும் பகலும் ஒரு ஆள் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. அந்த ஆளைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான கனமுள்ள பலகை. சட்டங்கள் ஒட்டுவதற்கு முன் அதைத் தராசில் வைத்தால் 200 கிராம் இருந்தால் அதிகம். கனமாகச் செய்தால் தாங்கும், ஆனால் ஆடாது. மெல்லியதாகச் செய்தால் ஆடும், ஆனால் நாலு மாதத்தில் வயிறு தள்ளிப் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். அப்படிப் பெயர்ந்து வந்தவற்றால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது வேறு விஷயம்.

எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் உள்ள மரம் எது என்று ஐரோப்பியத் தச்சர்கள் பல நூறு வருடம் தேடி ஸ்ப்ரூஸில் வந்து நின்றார்கள். பைன் குடும்பத்து மரம். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் ஏறக்குறைய 400 கிலோ. ஈட்டி அதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் அந்த எடைக்கு ஸ்ப்ரூஸின் விறைப்பு அபாரமானது. அதன் இழை ஓடும் திசையில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாயும். எஃகுக் கம்பிக்குள்ளும் ஏறக்குறைய அதே வேகம்தான். நகத்தால் கீறினால் தடம் விழுகிற ஒரு வெள்ளை மரத்துக்குள் எஃகின் வேகம்! இழைக்குக் குறுக்கே போனால் அந்த வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் முகப்பலகையின் கோடுகள் எப்போதும் கம்பியோடு சேர்ந்து நீளவாட்டில் ஓடுகின்றன. குறுக்குவாட்டில் பலம் போதாததற்கு உள்ளே சட்டங்களை ஒட்டுகிறார்கள். எஃகுக் கம்பி கிதாரில் அவை பெருக்கல் குறி மாதிரி இருக்கும். அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறையில் 1840களில் உருவான முறை அது. நைலான் கம்பி கிதாரில் விசிறி மடிப்பு மாதிரி விரியும்.

அடுத்த முறை ஒரு நல்ல கிதாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முகத்தில் மயிரிழைக் கோடுகள் நெருக்கமாக ஓடும். ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு. குளிர்நாட்டு மலையில் வருடத்தில் சில மாதமே வளர்ந்து, மீதி மாதமெல்லாம் உறங்கிய மரம். இந்தக் கோடுகளுக்குக் குறுக்கே பட்டுச்சேலை மாதிரி ஒரு மினுமினுப்பு தெரிந்தால் மரத்தை மையத்திலிருந்து ஆரம் பிரித்துச் சரியாக அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். கோணம் தப்பி அறுத்தால் அதே மரத்தில் விறைப்பு குறைந்துவிடும். வட இத்தாலியில் பனேவெஜ்ஜோ என்ற காடு இருக்கிறது. வயலின் காடு என்றே அதற்குப் பெயர். 2018 அக்டோபரில் வந்த வாயா புயல் அந்த வட்டாரத்து ஸ்ப்ரூஸ் காடுகளைத் தீக்குச்சி மாதிரி சாய்த்துப் போட்டது.

கிதார்காரர்கள் இன்று அதிகம் பயன்படுத்துவது அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ். முதல் உலகப்போரில் விமானச் சட்டங்களுக்கு இதே மரத்தைத்தான் டன் கணக்கில் வெட்டினார்கள். எடைக்கு விறைப்பு என்ற அதே கணக்குதான் அங்கேயும். வேடிக்கை என்னவென்றால், 'ஸ்ப்ரூஸ் கூஸ்' என்று பட்டப்பெயர் வாங்கி 1947ல் ஒரே ஒருமுறை பறந்த ஹாவர்ட் ஹியூஸின் ராட்சத மரவிமானம் பெரும்பாலும் பிர்ச் மரத்தால் ஆனது. மரத்தின் பெயரை நம்பி ஏமாறுவது கிதார்காரர்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல.

சிட்காவைத் தவிர ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையின் சிவப்பு ஸ்ப்ரூஸ் உண்டு. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மார்ட்டின்களின் முகம் பெரும்பாலும் அதுதான். முரட்டுத்தனமாக அடித்து வாசித்தாலும் அது குரல் உடையாமல் தாங்கும் என்பார்கள். பிறகு சிடார். 1960களில் மாட்ரிட் நகரத்து ஹோசே ராமிரெஸ் பட்டறை நைலான் கம்பி கிதாருக்கு இந்தச் செம்மரத்தைக் கொண்டுவந்தது. செம்மரம் என்றதும் திருப்பதி மலை நினைவுக்கு வர வேண்டாம். இது கனடாப் பக்கத்து மேற்கத்தியச் சிவப்பு சிடார். ஸ்ப்ரூஸைவிட லேசு, மெத்து. சிடார் முகமுள்ள கிதார் வாங்கிய அன்றே வாயைத் திறந்து பாடிவிடும். ஸ்ப்ரூஸ் முகம் புதுமணப்பெண் மாதிரி, பழகினால்தான் பேசும். இதில் பாதி உண்மை, பாதி எங்கள் தொழில் சம்பிரதாயம்.

இப்படி ஒவ்வொரு மரத்துக்கும் ஜாதகம் எழுதுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரே சிட்கா மரத்தின் அடியிலிருந்து ஒரு பலகை, நுனிப்பக்கத்திலிருந்து ஒரு பலகை எடுத்தால் அவற்றுக்கிடையே எடையிலும் விறைப்பிலும் உள்ள வித்தியாசம், சிட்காவுக்கும் ஐரோப்பிய ஸ்ப்ரூஸுக்கும் சராசரியில் உள்ள வித்தியாசத்தைவிட அதிகமாக இருக்கலாம். அதனால் நல்ல தச்சர் பலகையின் பெயரைப் பார்த்து வேலை செய்வதில்லை. வளைத்துப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், இழைப்புளியை எடுத்து ஒரு சீவு சீவி மறுபடி வளைத்துப் பார்க்கிறார். மெத்தான பலகை என்றால் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விடுகிறார். விறைத்தது என்றால் குறைக்கிறார். மரத்தின் குறையும் நிறையும் அவர் கையில் பாதி கரைந்துவிடுகிறது. கிதாரைக் கடையில் வாங்குகிற நமக்கு அந்தக் கையின் பெயர் தெரியாது. மரத்தின் பெயர் மட்டும் அட்டையில் அச்சாகியிருக்கும்.

முகமா முதுகா என்ற வழக்குக்கு 1862லேயே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தோனியோ டி டோரெஸ். ஸ்பெயினின் அல்மேரியாப் பக்கம் 1817ல் பிறந்தவர், அடிப்படையில் தச்சர். இன்று நாம் பார்க்கும் நைலான் கம்பி கிதாரின் அளவு, உடம்பு, உள்ளே விசிறிச் சட்டங்கள் எல்லாம் அவர் கையில் நிலைபெற்ற வடிவம்தான். முகப்பலகையே கிதாரின் உயிர் என்று அவர் நம்பினார். சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு கிதார் செய்தார். முகத்துக்கு நல்ல ஸ்ப்ரூஸ், எப்போதும் போல அக்கறையாகச் சீவிச் சட்டம் ஒட்டியது. முதுகுக்கும் விலாவுக்கும் காகித அட்டை! நம் ஊரில் காகிதக்கூழ் பொம்மை செய்வோமே, ஏறக்குறைய அந்த ஜாதி. கிதார் வாசித்தது. இன்றும் அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அட்டைக் கிதார் ஈட்டிக் கிதார் அளவுக்கு நன்றாக இருந்ததா என்று கேட்டால், அது டோரெஸின் கேள்வியே இல்லை என்பேன். முதுகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை வைத்தாலும் கிதார் கிதாராகவே நிற்கிறதா என்று பார்த்தார். இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். முதுகும் விலாவும் உயர்ந்த ஈட்டி, முகம் மட்டும் அட்டை. கம்பியை முறுக்கும்போதே முகம் மடிந்து உள்ளே போய்விடும்.

சரி, முதுகு சும்மா இருக்கிறதா? இல்லை. முகமும் முதுகும் விலாவும் சேர்ந்து ஒரு பெட்டிக் காற்றை அடைத்து வைத்திருக்கின்றன. பாட்டில் வாயில் ஊதினால் ஒரு ஸ்வரம் வருகிறதல்லவா, அதேபோல் கிதாரின் வட்டத் துளைக்கும் ஒரு ஸ்வரம் உண்டு. பெரும்பாலான கிதார்களில் அது 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழும். தடித்த மேல்கம்பியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தினால் வருகிற இடம். கிதாரின் மந்தர ஸ்தாயிக்குத் தெம்பு கொடுப்பது இந்தக் காற்றுதான். இது பெட்டியின் கொள்ளளவையும் துளையின் அளவையும் பொறுத்தது. மரத்தின் பெயருக்கு இதில் வேலை குறைவு.

முதுகுப் பலகை கொஞ்சம் ஆடவும் செய்கிறது. இங்கேதான் மரத்துக்கு மரம் வித்தியாசம். முன்னால் தட்டிக் காட்டிய 'டிங்' நினைவிருக்கிறதா? ஈட்டி அதிர்வை விழுங்காது, அப்படியே வைத்திருக்கும். நம் சங்கீதத்தில் கார்வை என்போமே, அது ஈட்டியில் நீளம். மகாகனி லேசான மரம், அதிர்வைச் சீக்கிரம் உள்ளே வாங்கி அணைத்துவிடும். அதனால் மகாகனி முதுகுள்ள கிதாரில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, அரிசி பொறுக்கிய மாதிரி விழும் என்பார்கள். மேப்பிள் இன்னும் வறண்ட குரல், பாட்டுக்காரருக்கு வழிவிட்டு நிற்கும் என்பார்கள். மார்ட்டினில் டி-18 என்றால் மகாகனி, டி-28 என்றால் ரோஸ்வுட். இந்த இரண்டு எண்களைச் சுற்றி எண்பது தொண்ணூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. நான் இரண்டையும் வாசித்திருக்கிறேன். வித்தியாசம் இருக்கிறது. அதில் எவ்வளவு மரம், எவ்வளவு என் கண் என்பதுதான் சங்கடமான கேள்வி.

அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் ரோஸ்வுட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் நம் மலை வருகிறது.

கிதார் உலகத்தில் ரோஸ்வுட் என்றால் நெடுங்காலம் பிரேசில் ரோஸ்வுட்தான். அட்லாண்டிக் கரையோரக் காட்டு மரம். அறுத்தால் ரோஜா வாசனை வரும், பெயரே அதனால் வந்தது. போர்த்துக்கீசியர்கள் ஜகராண்டா என்பார்கள். பெங்களூர்ச் சாலைகளில் ஊதாப்பூ கொட்டுகிற ஜகராண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மரத்தை மேசைக்கும் பியானோவுக்கும் கிதாருக்கும் வெட்டி வெட்டி ஓய்ந்தபோது, 1960களின் கடைசியில் மரமாக வெளியே அனுப்ப பிரேசில் மறுத்தது. அறுத்த பலகையாகத்தான் வாங்க வேண்டும். மார்ட்டின் வேறு வழி தேடியது. 1969ல் டி-28இன் முதுகு இந்திய ரோஸ்வுட்டாக மாறியது. தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. நீலகிரி, கூடலூர், வயநாடு, ஆனைமலை, குடகு எங்கும் நிற்கிற நம் ஈட்டி.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம் இது. கூடலூர்ப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையாக நிமிர்ந்து, சிறு வட்ட இலைகளோடு நிற்கும். அடிமரத்தில் வைரம் பாய்ந்தால் உள்ளே கருநீலமும் கத்திரிப்பூ நிறமும் கலந்து கோடு ஓடும். நம் தச்சர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அதைத்தான் மதித்தார்கள். ஈட்டிக் கட்டில் என்றால் சீர்வரிசையில் தனிப்பேச்சு. அதே மரம் கப்பலேறி அமெரிக்கக் கிதாரின் முதுகானது.

இதில் ஒரு காட்சி எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும். 1968ல் பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்குத் தியானம் கற்க வந்தார்கள். லென்னன், மெக்கார்ட்னி இருவரும் கொண்டுவந்த கிதார்கள் மார்ட்டின் டி-28. கங்கைக் கரையில் உட்கார்ந்து பாட்டுப் பாட்டாக எழுதித் தள்ளினார்கள். அந்தக் கிதார்களின் முதுகில் பிரேசில் காடு இருந்தது. அடுத்த வருடமே, அதே வகைக் கிதாரின் முதுகுக்கு மார்ட்டின் இந்திய மரத்தை நாடியது.

வந்த புதிதில் நம் ஈட்டிக்கு மரியாதை இல்லை. மாற்றாள் என்ற பெயர்தான். 1969க்கு முந்தைய டி-28 என்றால் ஒரு விலை, பிந்தையது என்றால் வேறு விலை. 1992ல் பிரேசில் ரோஸ்வுட்டை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், புலியும் யானையும் இருக்கிற பட்டியலில், சேர்த்தார்கள். நாடு விட்டு நாடு வணிகமே தடை. விலை இன்னும் ஏறியது. கிடைக்காத பொருளுக்குக் காதில் இனிமை கூடும் என்பது புதிய விதி அல்ல. பிறகு 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினத்தின் மற்ற மரங்களெல்லாம் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. ஈட்டி முதுகுள்ள கிதாரை வெளிநாட்டுக்கு விற்க அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. கச்சேரிக்கு வெளிநாடு போகிறவர்களும் தங்கள் கிதாரைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள். அந்தச் சமயம் என்னிடம் வந்த பலருக்கு ஒரே சந்தேகம்தான்: "சார், இது ரோஸ்வுட் இல்லைன்னு எழுதித் தர முடியுமா?" வாழ்நாள் முழுக்க ரோஸ்வுட்தானே என்று கேட்டவர்கள்! 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தபிறகுதான் மூச்சு வந்தது.

மலையில் ஈட்டிக்குத் தனிச் சட்டமே வந்தது. 1994ல் தமிழ்நாடு ஈட்டி மரத்தைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. அதன்படி, மரம் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் கோடரி வைக்க முடியாதிருந்தது.

இன்று 'இந்தியன் ரோஸ்வுட்' என்பது கிதார் அட்டையில் பெருமையாக அச்சாகிற சொல். மாற்றாளாகப் போனது பட்டத்து ராணியாகிவிட்டது. ஐம்பது வருடத்தில் அந்த மரம் மாறவில்லை. கேட்கிறவர் காது பழகிவிட்டது.

இனி அந்தச் சங்கடமான கேள்வி. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரே பட்டறையில் ஆறு கிதார்கள் செய்யச் சொன்னார்கள். அளவு, சட்டம், சிட்கா முகம், கம்பி எல்லாம் ஒன்று. முதுகும் விலாவும் மட்டும் வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், சப்பெலி, வால்நட். பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் சப்பெலிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 52 கிதார் வாசிப்பவர்களை வரவழைத்து, மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் பட்டறைக்காரர் போடும் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். மரம் தெரியக் கூடாதல்லவா.

ஆறு கிதாருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். பிரேசில் ரோஸ்வுட் மேலே போகவுமில்லை, சப்பெலி கீழே விழவுமில்லை. இரண்டு கிதாரைக் கொடுத்து, மூன்றாவதாகக் கையில் வைத்தது அவற்றில் எது என்று கேட்டபோதும் பெரும்பாலும் தடுமாறினார்கள். வித்தியாசம் காதுக்கு எட்டியதே தவிர மிக மெல்லியது.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு யாராவது சங்கீதம் கேட்பார்களா என்று வீட்டில் கத்தினேன். பிறகு எனக்கு நடந்த ஒன்று நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

பல வருடம் முன்பு ஓர் அம்மா தன் காலமான கணவரின் கிதாரைக் கொண்டுவந்தார். மகன் கற்றுக்கொள்கிறானாம், சரிசெய்து கொடுங்கள் என்றார். முதுகு நல்ல கருஞ்சிவப்பு, ரேகை அலையலையாக ஓடியது. கம்பி மாட்டி, 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டில் வருகிற அந்தக் கிதார்த் தொடக்கத்தை வாசித்துப் பார்த்தேன். என் கடையில் கிதார் சோதிக்கிற எல்லோரும் வாசிப்பது அதைத்தான். தடித்த கம்பி கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "பாருங்கம்மா, இதுதான் ரோஸ்வுட்டோட ஆழம். இந்தக் காலத்துல கிடைக்காது" என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் உள்சட்டம் ஒன்று விட்டிருக்கிறதா என்று துளைவழியாகக் கண்ணாடியும் சின்ன விளக்கும் விட்டுப் பார்த்தேன். முதுகின் உள்பக்கம் வெள்ளை மரம். வெளியில் ஓடிய ரேகைக்கு உள்ளே சுவடே இல்லை. மூன்று அடுக்குப் பிளைவுட், மேலே காகிதம் மாதிரி ஒரு ரோஸ்வுட் தோல்.

பையன் வந்தபோது உண்மையைச் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்ப அந்த ஆழம் எங்கேருந்து வந்துச்சு அங்கிள்?" என்னிடம் பதில் இல்லை. கூலியில் பாதிதான் வாங்கினேன். பிறகு சாவகாசமாகப் பார்த்ததில் முகப்பலகை மட்டும் முழுமரம், நன்றாகப் பழுத்த ஸ்ப்ரூஸ். பெட்டியும் அகலமானது. ஆழம் அங்கிருந்துதான் வந்தது. என் காதில் ரோஸ்வுட் என்று ஒலித்தது என் கண் சொன்ன பேச்சு.

மரமே முக்கியமில்லை என்று சொல்ல வருகிறேனா? அப்படியானால் இந்த இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருக்க மாட்டேன். செய்கிறவருக்கு மரம் மிக முக்கியம். விலாவை ஆவியில் காட்டிச் சூட்டுக்குழாயில் வளைக்கும்போது ஈட்டி சொன்னபடி கேட்கும், சுருள் ரேகை மேப்பிள் ஒடிந்து மானத்தை வாங்கும். ஈட்டி ஈரத்தில் அதிகம் ஊதாது. வாசிக்கிறவருக்கும் முக்கியம். முதுகு அவர் வயிற்றில் ஒட்டியிருக்கிறது, அதன் அதிர்வு உடம்புக்குள் போகிறது. அந்தக் கிதாரை நேசித்தால் அதிகநேரம் வாசிப்பார். அதிகநேரம் வாசித்தால் நன்றாக வாசிப்பார். ஆனால் பத்தாம் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு முதுகு மரத்தின் பெயர் போய்ச் சேர்வதில்லை.

டோரெஸின் அட்டைக் கிதாருக்கு நம் காலத்தில் பேரப்பிள்ளைகள் உண்டு. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் கேமன் 1966ல் ஓவேஷன் கிதாரைக் கொண்டுவந்தார். முதுகு கண்ணாடியிழைக் கிண்ணம், மரமே இல்லை. மேடைகளில் அது வெகுநாள் கொடிகட்டிப் பறந்தது. 1995ல் கிதார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் தன் தொழிற்சாலைக் குப்பையில் கிடந்த, சரக்கு ஏற்றும் பலகைத் தட்டை உடைத்து ஒரு கிதார் செய்தார். முதுகும் விலாவும் ஓக். முகமும் அதே தட்டின் துண்டுப் பலகைகளை ஒட்டியது. ஆணி அடித்த ஓட்டைகளை மறைக்காமல் அலுமினியப் பொட்டு வைத்துக் காட்டினார். நல்ல கிதார் என்றே பேர். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பலகைத் தட்டு டெய்லர் கையில் கிடைத்தது. என் கையில் கிடைத்திருந்தால் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

நம் கருவிகளில் இந்த முகம், முதுகுச் சண்டை இல்லை. தஞ்சாவூர் வீணையில் குடமும் பலா, மேல்பலகையும் பலா. ஆனால் இன்னொரு விஷயத்தில் நம்மவர்கள் கிதார்காரர்களுக்கு முன்னோடிகள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் புது ஆச்சா மரத்தைத் தொடமாட்டார்கள். இடித்த பழைய வீட்டின் உத்தரத்தைத் தேடிப் போவார்கள். பல தலைமுறை வெயிலும் புகையும் தின்ற மரம். மரத்துக்கு வயதாக ஆக அதன் செல்சுவரில் உள்ள சில பொருட்கள் சிதைந்து, ஈரம் குடிக்கும் குணம் குறையும். எடை குறையும், விறைப்பு அவ்வளவாகக் குறையாது. பழைய கிதார் இனிக்கிறது என்பதில் உள்ள சத்தான பகுதி இது. இப்போது ஸ்ப்ரூஸ் பலகையை ஆக்சிஜன் குறைந்த அடுப்பில் வறுத்து, அந்த முதுமையைச் சில மணிநேரத்தில் வரவழைக்கிறார்கள். தேன் நிறமாகிவிடும். வறுபட்ட பலகை கொஞ்சம் நொறுங்கும். கீழே போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

ஈரம் என்றதும் சென்னை. கிதார் மரத்துக்கு 45லிருந்து 55 சதவீதக் காற்று ஈரம் பிடிக்கும். நம் ஊரில் பல நாள் 70ஐத் தாண்டும். ஐப்பசியில் முகப்பலகை குடித்து ஊதும், வயிறு எழும்பும், கம்பி கட்டைக்கு மேலே ஏறி விரல் வலிக்கும், குரல் கம்மும். அப்போது என்னிடம் ஓடிவந்து "மரம் மட்டம் போல சார்" என்பார்கள். மரம் நல்ல மரம்தான். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வைத்தால் தையில் தானே இறங்கிவிடும். இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் திறந்து வைத்தாலோ எதிர்க் கதை, காய்ந்து இழை பிளக்கும். ஒரு பெயர்போன மரத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ஐப்பசிக்கும் பங்குனிக்கும் உள்ள வித்தியாசம் என் காதுக்கு நன்றாகவே கேட்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துளையின் விளிம்பில் விளக்கடித்துப் பாருங்கள். முகத்தில் ஓடும் கோடு விளிம்பிலும் அப்படியே இறங்கினால் முழுமரம், நடுவில் வேறு அடுக்கு தெரிந்தால் பிளைவுட். முகம் முழுமரமாக இருக்கட்டும். முதுகு பிளைவுட் என்றாலும் வாங்கலாம், கூச்சப்படாதீர்கள்.

இப்போது திரை. அதற்குப் பின்னால் என் நண்பர் மூன்று கிதார்களோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்றுக்கும் சிட்கா முகம், ஒரே வகைக் கம்பி, நேற்று மாட்டியது. ஒன்றின் முதுகு ஈட்டி, ஒன்று மகாகனி, ஒன்று பிளைவுட். ஒரே பாட்டை மூன்று முறை வாசிப்பார், வரிசையை அவரே மாற்றிக்கொள்வார், எனக்கும் தெரியாது. நுழையும்போது கொடுத்த சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, எதிரே மரத்தின் பெயரை எழுதுங்கள். பக்கத்துச் சீட்டைப் பார்க்க வேண்டாம். நானும் எழுதப்போகிறேன். பென்சில் யாரிடமாவது இருக்கிறதா?

விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், தம்பி.